வெந்ததையே வேக வைக்கும் வீரர்கள்

டிசம்பர் 25 காலை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு வீட்டின் கொல்லைப்புறம். ராத்திரி பெய்த பனியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளித் தொப்பியும் கையுறையுமாக வீட்டுக்காரர் நிற்கிறார். அவர் முன்னால் ஒரு கரி அடுப்பு. கடையில் வாங்கியது அல்ல. 200 லிட்டர் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, கீழே இரும்பு ஆங்கிளில் கால் வைத்து, மேலே குறுக்காக ஒரு நீளக் கம்பியைப் போட்டு, அதன் ஒரு முனையில் பழைய கார் வைப்பர் மோட்டாரை மாட்டி, அது கிறுகிறுவென்று சுற்றுகிறதே என்று சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போட்டு வேகத்தைக் குறைத்து... மூன்று வாரக் கடைசிகள் இதற்கே போயிருக்கின்றன. இப்போது அந்தக் கம்பியில் ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ஹாம் மெதுவாகச் சுற்றிக் கொண்டிருக்கிறது. கீழே கரி கனன்று கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சாயங்கால வேளையில் கிரில் சிக்கன் கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் வரிசையாகச் சுற்றுமே, அதே சங்கதிதான். அதற்கு அங்கே ரொட்டிசரி என்று பெயர். கோழிக்குப் பதில் இங்கே பன்றியின் பின்னங்கால். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அமெரிக்க மேசையில் நடுநாயகமாக உட்காரும் பதார்த்தம்.

நாலு மணி நேரம் கழித்து ஹாம் மேசைக்கு வருகிறது. "அப்பாவே செஞ்ச அடுப்பு! அப்பாவே சமைச்சது!" என்று ஒரே கைதட்டல்.

அடுப்பு அப்பா செய்தது. அதில் சந்தேகம் இல்லை. சமைத்தது? அங்கேதான் தகராறு. அந்த ஹாம் கடையிலிருந்து வரும்போதே வெந்துதான் வந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்து அப்படியே குளிரக் குளிர நறுக்கித் தின்றிருக்கலாம். உறையின் மேலேயே 'முழுதும் வெந்தது' என்று அச்சடித்திருக்கிறது. அப்பா செய்தது சமையல் அல்ல, சூடுபடுத்தல். மூன்று வாரம் வெல்டிங் அடித்து, ஒரு மூட்டைக் கரியை எரித்து, நாலு மணி நேரம் பனியில் நின்று, ஒரு தொழிற்சாலை முடித்து அனுப்பிய வேலையை இன்னொரு தடவை செய்திருக்கிறார்!

மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்பார்கள். இது மலையைக் கெல்லி, ஏற்கெனவே பிடித்துக் கூண்டில் அடைத்த எலியைப் பிடிப்பது.

ஹாம் என்றால் என்ன?

பன்றியின் பின்னந்தொடைதான் ஹாம். ஆனால் வெறும் தொடையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. உப்பிலும் நைட்ரைட்டிலும் ஊறி, பெரும்பாலும் புகையும் பட்டு, ரோஜா நிறம் ஏறினால்தான் அது வழக்கத்தில் ஹாம். குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் இது ஆடம்பரமல்ல, அவசியம். இலையுதிர் காலத்தில் பன்றியை அடிப்பார்கள். அப்போதே தின்று தீர்க்க முடியாத தொடைகளை உப்பிட்டுத் தொங்க விடுவார்கள். குளிர்காலம் முழுவதும் பதமாகி, வசந்தத்தில் தயாராகும். ஈஸ்டர் பண்டிகைக்கு ஹாம் வந்து சேர்ந்த கதையை இப்படித்தான் சொல்வார்கள்.

இன்று அமெரிக்கக் கடையின் ஒரே அலமாரியில் மூன்று சாதி கிடக்கும். முதலாவது, உப்பும் நைட்ரைட்டும் படாத பச்சைத் தொடை. 'ஃப்ரெஷ் ஹாம்' என்று எழுதியிருக்கும். இரண்டாவது, பதப்படுத்தியது, ஆனால் வேகாதது. 'உண்ணும் முன் சமைக்கவும்' என்று எழுதியிருக்கும். மூன்றாவது, பதப்படுத்தி, வேக வைத்து, உறையில் அடைத்தது. பண்டிகைக் காலத்தில் மலையாகக் குவித்து வைப்பது இந்த மூன்றாவதைத்தான். வீட்டில் செய்த ரொட்டிசரியில் ஏறுவதும் பெரும்பாலும் இதுதான். சண்டை இதோடுதான்.

தண்ணீர்க் கணக்கு

மூன்றாவது சாதியிலும் உட்பிரிவுகள் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஹாமில் உள்ள கொழுப்பை ஒதுக்கிவிட்டு, மீதியில் புரதம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். குறைந்தது 20.5 சதவீதம் இருந்தால் வெறுமனே 'ஹாம்' என்று போட்டுக் கொள்ளலாம். 18.5 என்றால் 'இயற்கைச் சாறுகளுடன் ஹாம்'. 17 என்றால் 'நீர் சேர்த்த ஹாம்'. அதற்கும் கீழே போனால் 'ஹாம் மற்றும் நீர்ப் பொருள்'! இந்தக் கடைசி ரகத்தில் வெளியிலிருந்து சேர்த்தது எத்தனை சதவீதம் என்றும் உறையில் சொல்லியாக வேண்டும். பால்காரர் தண்ணீர் ஊற்றினால் தெருவே கூடிச் சண்டை போடும். இங்கே தண்ணீர் ஊற்றுவதற்கு அரசாங்கமே நாலு படி கட்டிக் கொடுத்திருக்கிறது.

தண்ணீர் எதற்கு? ஊசிகள் வழியாக உப்புக் கரைசலை இறைச்சிக்குள் ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும், எடையும் கூடும், மெல்லவும் மிருதுவாக இருக்கும். தப்பு என்று சொல்ல முடியாது, உறையில் ஒளிக்காமல்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை இறைச்சி விலைக்கு வாங்கி வந்து, திறந்த நெருப்பின் மேலே, காற்றோட்டத்தில், நாலு மணி நேரம் சுற்ற விட்டால் என்ன ஆகும்? ஆவியாகும். அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய கரியால் காற்றில் விடுவதற்குப் பெயர் சமையலா?

வெந்த ஹாமைச் சூடாக்க உறையில் தரும் வழிமுறை பெரும்பாலும் ஒன்றே: அலுமினியத் தாளால் மூடு, மிதமான சூட்டில் வை, உள்ளே 60 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடு. 'மூடு' என்பதுதான் அதில் முக்கியமான சொல். இருக்கிற ஈரம் போய்விடக் கூடாது. சுழல்கம்பி இதற்கு நேர் எதிர். அது எதையும் மூடாது, எல்லாப் பக்கத்தையும் நெருப்புக்குக் காட்டும். அதன் வேலையே அதுதான்.

கம்பி எதற்காகச் சுற்றுகிறது?

இறைச்சி நிமிடத்துக்கு மூன்று நாலு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு பக்கமும் சில விநாடி நெருப்பைப் பார்க்கிறது, பிறகு சில விநாடி விலகி நிற்கிறது. மேல்தோல் கருகுவதற்குள் விலகிவிடுவதால், பட்ட சூடு மெல்ல உள்ளே இறங்க நேரம் கிடைக்கிறது. உருகும் கொழுப்பு ஒரே இடத்தில் சொட்டி வீணாகாமல், சுற்றோடு சுற்றாக இறைச்சியின் மேலேயே வழிந்து தன்னைத் தானே நனைத்துக் கொள்கிறது. தோல் மொறுமொறுப்பாகிறது, உள்ளே சாறு நிற்கிறது. இதுதான் சுழல்கம்பியின் மகிமை.

இத்தனையும் நடக்க இறைச்சி பச்சையாக இருக்க வேண்டும். உருகாத கொழுப்பு இருந்தால்தான் உருகும். தோல் இருந்தால்தான் மொறுமொறுக்கும். சுருங்காத தசை இருந்தால்தான் அதைப் பக்குவமாகச் சுருக்க முடியும். ஏற்கெனவே வெந்த ஹாமில் கொழுப்பும் தசையும் தொழிற்சாலையிலேயே பாடம் முடித்துவிட்டன. தோலையும் பெரும்பாலும் உரித்திருப்பார்கள். பரீட்சை எழுதித் தேறியவனை மறுபடியும் அதே வகுப்பில் உட்கார வைத்தால் கூடுதலாக ஒன்றும் படிக்க மாட்டான். தூங்குவான். ஹாம் காய்ந்து போகும்.

உலகத்தில் சுழல்கம்பியை உண்மையிலேயே அறிந்தவர்கள் யாரும் வெந்ததை அதில் ஏற்றவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் காயே ஊருக்குப் பக்கத்தில் குவாவாத்தே என்ற மலைப்பகுதி இருக்கிறது. சாலை நெடுக லெச்சோனேரா என்ற கடைகள். முழுப் பன்றியைக் கம்பில் கோத்துக் கரி நெருப்பில் மணிக்கணக்கில் சுற்றுவார்கள். அந்தத் தீவின் கிறிஸ்துமஸ் விருந்தே அதுதான். பிலிப்பைன்ஸில் கேசோன் நகரத்தின் லா லோமா பகுதி லெச்சோனுக்கே பேர் போனது. செபு தீவில் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லை அடைத்துச் சுடுகிறார்கள். இத்தாலியின் போர்க்கெத்தாவும் எலும்பு நீக்கி மசாலா அடைத்துச் சுருட்டிய பச்சை இறைச்சிதான்.

இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்து. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே சமையலறைச் சுவரில் ஒரு சக்கரத்தை மாட்டி, அதற்குள் குட்டைக்கால் நாய் ஒன்றை ஓட விட்டுக் கம்பியைச் சுற்றினார்கள். அதற்கென்றே ஒரு நாய் வகை வளர்த்தார்கள். பின்னால் இயந்திரம் வந்தது, அந்த வகையே அழிந்து போனது. பாடம் செய்யப்பட்ட அப்படி ஒரு நாய் வேல்ஸில் ஆபர்கவெனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் விஸ்கி. பாவம், அந்த ஜீவன் நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் ஓடியது பச்சை இறைச்சியை வேக வைக்கத்தான். வெந்ததைச் சூடாக்க ஒரு நாயைக்கூட யாரும் ஓட விட்டதில்லை :-)

இரண்டு கைவேலைக்காரர்கள்

வீட்டில் அடுப்பு செய்வதைக் கேலி பண்ணுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கரி அடுப்பின் வரலாறே கைவேலைக்காரர்களின் வரலாறு. 1952-ல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், தண்ணீரில் மிதக்க விடும் மிதவைக்காகச் செய்த உலோகக் கோளத்தைப் பாதியாக்கி, கால் வைத்து, மூடியும் போட்டு ஓர் அடுப்பு செய்தார். காற்றும் மழையும் கொல்லைப்புறச் சமையலைக் கெடுத்ததுதான் காரணம். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த கெண்டி வடிவ அடுப்பு அப்படிப் பிறந்தது. அதில் எரியும் கரிக்கட்டியும் இப்படித்தான். 1920-களில் ஹென்றி ஃபோர்டு, கார் செய்தது போக மீந்த மரத்துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் மிச்சிகனில் கரிக்கட்டி ஆக்கி விற்றார்.

இன்னொரு கைவேலைக்காரர் டெட்ராய்ட்டின் ஹாரி ஹோன்செலார். எலும்போடு இருக்கும் ஹாமைச் சுருள் சுருளாக, ஒரே தொடர் வெட்டாக நறுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1957-ல் ஹாம் கடையும் திறந்தார். முதல் மாதிரியை அவர் கார் ஜாக்கி, துணி துவைக்கும் இயந்திர மோட்டார், பை தட்டு, ஒரு கத்தி ஆகியவற்றை வைத்துச் செய்தார் என்று சொல்வார்கள். வேடிக்கையைப் பாருங்கள். ஹாமைச் சுழற்றுவதற்கு ஒருவர் வீட்டுச் சாமான்களால் செய்த இயந்திரம்தான், வீட்டில் ஹாம் சமைக்கும் வேலையையே பாதி ஒழித்தது! நறுக்கிய ஹாம் வந்த பிறகு வீட்டுக்காரருக்குக் கத்தி பிடிக்கும் வேலைகூட இல்லை.

அந்தச் சுருள் வெட்டு ஹாமையும் சிலர் ரொட்டிசரியில் ஏற்றுகிறார்கள். புத்தகத்தைக் கயிற்றில் கட்டிக் காற்றில் சுற்றினால் பக்கங்கள் விரிவது போலத் துண்டுகள் விரியும். ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும் நெருப்பு படும். கடைசியில் கிடைப்பது ஹாம் அல்ல, அப்பளம்.

எதிர்வாதங்கள்

"புகை வாசனை ஏறுமே?" என்பார்கள். ஏறும். மேலாக மட்டும். ஆனால் அந்த ஹாமில் புகை ஏற்கெனவே ஏறியிருக்கிறது. இல்லையென்றால் புகைச் சுவையாவது சேர்த்திருப்பார்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு மேலே சர்க்கரை தூவுகிற கதை.

"மேலே தடவுகிற சர்க்கரைப் பாகு பளபளவென்று வருமே?" வரும். அதற்குக் கடைசிப் பதினைந்து இருபது நிமிடம் போதும், சாதாரண அவனிலேயே வரும். முதலிலிருந்தே பாகைத் தடவிக் கரி நெருப்பில் விட்டால் பளபளப்புக்குப் பதில் கரிதான் மிஞ்சும்.

"பண்டிகை நாளில் பச்சை இறைச்சியோடு யார் மல்லுக்கட்டுவது? கெட்டுப்போனால் விருந்தே போச்சே?" இதுதான் உண்மையான காரணம். இதை ஒப்புக்கொள்பவரோடு சண்டையே இல்லை. பயம் நியாயமானது. ஆனால் பயத்தால் வெந்த ஹாம் வாங்கியவர், அதை அவனில் மூடி வைத்துச் சூடாக்கி, "கடையில் வாங்கியது, சூடு பண்ணினேன்" என்று சொல்லிப் பரிமாறலாம். ஒரு குறையும் இல்லை. ரிஸ்க் இல்லாத பொருளை வாங்கிக்கொண்டு ரிஸ்க் எடுத்தவனின் மாலையை மட்டும் கழுத்தில் போட்டுக்கொள்வதுதான் இடிக்கிறது.

"ஹாம் சுவையே உப்பில் ஊறுவதில்தான் இருக்கிறது, பச்சைத் தொடையைச் சுட்டால் அது வெறும் வறுத்த பன்றிதானே?" நல்ல கேள்வி. பச்சைத் தொடை வெந்தால் ரோஜா நிறமாக இருக்காது, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஹாம் சுவை வராது. அந்தச் சுவைதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. கடையிலேயே பதப்படுத்தியும் வேகாத இரண்டாவது சாதியை வாங்கலாம். அல்லது வீட்டிலேயே உப்புநீரில் நாள் கணக்காகக் குளிர்பெட்டியில் ஊற வைக்கலாம். இதற்கென விற்கும் இளஞ்சிவப்பு உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் இருக்கும். சாப்பாட்டு உப்பு என்று நினைத்து யாரும் அள்ளிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் அதற்குச் சாயமே ஏற்றியிருக்கிறார்கள். கண்திட்டத்தில் போடுகிற விஷயம் இல்லை, தராசில் நிறுத்துப் போட வேண்டும்.

"உடம்புக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. ஹாமும் அதில் அடக்கம். பதப்படுத்தாத செவ்விறைச்சியை, பன்றியும் அதில் சேர்த்தி, 'அநேகமாக உண்டாக்கும்' என்ற அடுத்த படியில் வைத்தது. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையும் நல்லதல்ல. ஆகவே பச்சைத் தொடை மருந்து, வெந்த ஹாம் விஷம் என்று யாரும் பிரசங்கம் பண்ண முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் விருந்து, அளவாகத் தின்றால் போதும். இந்தச் சண்டை அதைப் பற்றியது அல்ல.

பிறகு எதற்கு இவ்வளவு கோபம்?

ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் எதைச் சுற்றினால் என்ன, ஊருக்கு என்ன நஷ்டம்? இரண்டு நஷ்டம்.

முதலாவது, உயிர் சம்பந்தப்பட்டது. வெந்த ஹாமைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கைக்கு நெருப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடும். ஏனென்றால் அதில் தோற்கவே முடியாது. சீக்கிரம் எடுத்தாலும் ஆபத்தில்லை, உள்ளே ஆறிக் கிடந்தாலும் ஆபத்தில்லை. "நாலு மணி நேரம் சுற்றினேன், பிரமாதமாக வந்தது" என்று ஊருக்கெல்லாம் சொல்வார். கேட்டவர் ஒருவர் அதே அலமாரியிலிருந்து தெரியாமல் பச்சைத் தொடையை வாங்கி, அதே நாலு மணி நேரம் சுற்றி, மேலே பொன்னிறமாக வந்ததும் எடுத்துவிடுவார். எலும்பை ஒட்டி உள்ளே ரத்தம் கசியும். அந்த மேசையில் குழந்தைகள் இருப்பார்கள், தாத்தா பாட்டி இருப்பார்கள்.

கணக்கு சாதாரணமானது. வெந்த ஹாமைச் சூடாக்க கிலோவுக்கு 33 முதல் 40 நிமிடம். எலும்போடு கூடிய முழுப் பச்சைத் தொடைக்கு கிலோவுக்கு 48 முதல் 57 நிமிடம். இரண்டும் சுமார் 160 டிகிரி அவன் சூட்டுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் கணக்கு. ஆறரை கிலோ தொடைக்கு முதல் கணக்கில் நாலு மணி நேரம், இரண்டாவதில் ஐந்தரை, ஆறு. பனியில், காற்றில், வீட்டில் செய்த அடுப்பில் அதற்கும் மேலே ஆகலாம். அதனால்தான் கடிகாரத்தை நம்பாதே, வெப்பமானியை நம்பு என்கிறார்கள். பச்சைப் பன்றி இறைச்சிக்கு உள்ளே 63 டிகிரி வர வேண்டும், எடுத்த பிறகு குறைந்தது மூன்று நிமிடம் ஆற விட வேண்டும். 2011-க்கு முன்னால் இந்த எண் 71 ஆக இருந்தது, அந்த வருஷம் குறைத்தார்கள். மூன்று வாரக் கடைசிகளும் மோட்டாரும் இரும்பும் போட்டுச் செய்தவர், ஒரு வெப்பமானி வாங்க யோசிக்கிறார். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தது போல.

இரண்டாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பண்டிகைச் சமையல் என்பது வயிற்றுக்கு மட்டும் போடுவதல்ல. ஒருவர் விடிகாலையில் எழுந்து, நெருப்பைப் பார்த்து, சுடுமோ கருகுமோ என்று தவித்து, மற்றவர்கள் தின்பதைப் பார்த்த பிறகு தான் உட்காருவார். அந்தத் தவிப்புதான் விருந்து. அதற்குத்தான் மேசையில் இருப்பவர்கள் நன்றி சொல்கிறார்கள். வெந்த ஹாமைச் சுற்றுகிறவருக்குத் தவிப்பு இல்லை. தவிப்பின் வேஷம் இருக்கிறது. கம்பி இருக்கிறது, கரி இருக்கிறது, புகை இருக்கிறது, படம் இருக்கிறது, சமையல் மட்டும் இல்லை. படம் பிடிக்கும் பிள்ளைகள் இதைத்தான் சமையல் என்று கற்றுக்கொண்டு வளர்வார்கள். உறையில் உள்ள எழுத்தைப் படிக்காத இன்னொரு தலைமுறை.

அப்படியானால் அடுப்பை உடைத்துப் போடுவதா?

வேண்டவே வேண்டாம். அடுப்புக்குத் தகுதியான வேலையைக் கொடுத்தால் போதும்.

முதலில் அடுப்பையே ஒரு தடவை பார்க்க வேண்டும். பீப்பாய் முன்னால் எதைச் சுமந்தது என்று தெரியாவிட்டால் அதில் சமைக்கக் கூடாது. உள்ளே பூசிய பூச்சை நன்றாக எரித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பியை இறைச்சிக்குள் செருகக் கூடாது. அதை வெல்டிங் அடித்தால் வரும் புகையே காய்ச்சலைக் கொண்டுவரும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்று வாங்கினால் தீர்ந்தது. குளிர் தாங்கவில்லை என்று அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளுவது எல்லாவற்றையும்விட மோசம். எரியும் கரி கார்பன் மோனாக்ஸைடை விடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, எச்சரிக்காமலே ஆளைச் சாய்க்கும். கதவைத் திறந்து வைத்தால்கூடப் போதாது.

அடுத்தது, பழக்கம். முதல் நாளே ஆறரை கிலோ தொடையை ஏற்ற வேண்டியதில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி. அடுத்த வாரம் இரண்டு கிலோ பன்றித் துண்டு. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மோட்டார் திணறும், கம்பி அரைச்சுற்றில் நின்று ஒரு பக்கம் கருகும். எதிர்ப்பக்கம் எடை கட்டிச் சமன் செய்ய அப்போதுதான் கை பழகும். கரியை நேர் கீழே குவிக்காமல் இரண்டு ஓரத்திலும் ஒதுக்கி, நடுவில் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு வைக்க வேண்டும் என்பதும், மணிக்கு ஒரு தடவை கரி சேர்க்காவிட்டால் சூடு இறங்கிவிடும் என்பதும் கோழி கற்றுத்தரும் பாடங்கள். கோழி கருகினால் நஷ்டம் கொஞ்சம்தான்.

பிறகு டிசம்பர். தோலோடு ஒரு பச்சைத் தொடை. முதல் நாள் ராத்திரியே உப்பைத் தேய்த்துக் குளிர்பெட்டியில் திறந்து வைத்தால் தோல் உலரும், மறுநாள் மொறுமொறுப்பு வரும். தோலைக் கட்டம் கட்டமாகக் கீறிவிட வேண்டும். காலை எட்டு மணிக்குக் கம்பியில் ஏற்றினால் மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குச் சாப்பாடு. வெப்பமானியின் முனை எலும்பைத் தொடாமல், தடித்த இடத்தின் நடுவில் நிற்க வேண்டும். எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும். 63 வந்ததா? எடு, ஆற விடு, நறுக்கு. முழுத் தொடைக்கு மூன்று நிமிடம் அல்ல, இருபது நிமிடம் ஆற விட்டாலும் நல்லது.

முதல் வருஷம் ஒரு பக்கம் கொஞ்சம் கருகலாம். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாகலாம். பசியில் பிள்ளைகள் முணுமுணுக்கலாம். பரவாயில்லை. அன்றைக்கு மேசையில் "அப்பாவே சமைச்சது" என்று யாராவது சொன்னால், அது முதல் தடவையாக உண்மையாக இருக்கும்.

அதற்கெல்லாம் நேரமில்லை, மனமில்லை என்பவருக்கும் வழி உண்டு. வெந்த ஹாமை வாங்கட்டும், தாளால் மூடட்டும், அவனில் வைக்கட்டும். கொல்லைப்புறத்து ரொட்டிசரியில் இரண்டு கோழிகள் சுற்றட்டும். ஹாம் காயாது, கோழி வேகும், அடுப்பு செய்த பெருமையும் நிற்கும். பொய் மட்டும் இருக்காது.

பி.கு.: 'முழுதும் வெந்தது', 'உண்ணும் முன் சமைக்கவும்', 'ஃப்ரெஷ்'. உறையில் தேட வேண்டியவை இவைதான். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. வெல்டிங் மிஷினை எடுப்பதற்கு முன்னால் அந்த அரை நிமிடத்தைச் செலவழித்தால் மூன்று வாரக் கடைசிகளுக்கும் ஓர் அர்த்தம் இருக்கும்.